ரங்கா அக்காவுக்குச் சார்ஜ் இல்லை

ஸ்ரீ:

மேல அடையவளஞ்சான்,
ஸ்ரீரங்கம்.
10.6.2025, செவ்வாய்

ரங்கநாயகிக்கு,

ஆறு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் சொன்னால் நடுவில் கட் பண்ண முடியாது.

ஜாஹ்னவி ஒன்பது வருஷம் என்னிடம் நாட்டியம் கற்ற குழந்தை. அவள் அப்பா லக்ஷ்மிகாந்த் தென்னூரில் மண்டபம் பிடித்து, முந்நூறு பேரை அழைத்து அரங்கேற்றம் பண்ணினார். வர்ணம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வர்ணத்தின் சரண வரியை மூன்று முறை பாடிவிட்டு ஜதிக்குப் போக வேண்டிய இடத்தில் நீ நாலாவது முறை அதே வரியை எடுத்தாய். குழந்தை ஜதிக்குப் போய்விட்டாள். பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நடு மேடையில் அப்படியே நின்றுவிட்டாள். வீடியோவில் எண்ணிப் பார்த்தேன், பதினோரு செகண்ட்.

தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் என்ன செய்ய வேண்டும்? "ரங்கநாயகி, தூங்கறியா? கவனிச்சுப் பாடு!" என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது. முந்நூறு பேர் காதிலும் விழுந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடமோ குழந்தையிடமோ ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். இரண்டு வருஷம் வையம்பட்டியில் பாடாமல் உட்கார்ந்திருந்தால் பிசகத்தான் செய்யும். அது தெரிந்தும் உன்னைத்தான் கூப்பிட்டேன். ஜாஹ்னவிக்காவது ஒரு வரி மன்னிப்பு எழுதிப் போடு.

கோதா

---

வையம்பட்டி,
14.6.2025

கோதா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் நேற்று வந்தது. போனை எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் அழுதிருப்பேன். உங்கள் காதில் அது விழக்கூடாது என்று நினைத்தேன்.

நான் பிசகவில்லை. அந்த வரி நாலு முறைதான். ஏன் இன்னும் வரவில்லை என்று தலைவி கேட்கிற வரி. முதல் மூன்று முறை கெஞ்சுவாள். நாலாவது முறை கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவாள், அதன் பிறகுதான் ஜதி. 2019-இல் நான் உங்களிடம் பாடச் சேர்ந்தபோது நீங்களே என் நோட்டில் பச்சை மையில் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தீர்கள். அந்தப் பக்கம் இப்போது என் எதிரில் இருக்கிறது.

ரிகர்சல் என்று ஒரே ஒரு நாள் வைத்தீர்கள். அதுவும் வகுப்பில் இல்லை, ஜாஹ்னவி வீட்டில். வர்ணத்தில் பாதி வரும்போதே அந்தப் பெண் ஸ்கூல் ரெக்கார்ட் நோட்டு முடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டாள். "மீதி எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானே" என்று சொன்னீர்கள். தெரிந்ததைத்தான் பாடினேன்.

உங்கள் அதட்டல் இருக்கிற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தென்னூர் பூமா டீச்சர் ஆடி மாதம் இரண்டு நிகழ்ச்சிக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார். நேற்று மாலை கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார். உறையூரில் இன்னொருவரும் அதையேதான் சொன்னார். பாட்டைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது, டீச்சர். தாளம் தப்புகிறவள் என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் நாட்டியத்துக்குப் பாட யார் கூப்பிடுவார்கள்?

இன்னொன்று. அன்று மேடை ஏறும் முன் ஒரு சின்னப் பெண், ஏழு வயதிருக்கும், கூடத்தில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதான் ரங்கா அக்காவா? போன்ல இருக்கற அக்காவா?" என்று கேட்டாள். என்ன போன் என்று நான் கேட்பதற்குள் அவள் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

அது என்ன போன், டீச்சர்?

ரங்கநாயகி

---

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
18.6.2025

ரங்கநாயகிக்கு,

நோட்டில் இருப்பது பழைய பாடம். பிறகு மாற்றினேன். என் வகுப்பில் மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. மேடையில் ஆடுகிறவளைப் பார்த்துப் பாடுவதுதான் பாட்டுக்காரியின் வேலை. நீ நோட்டைப் பார்த்துப் பாடினாய்.

சின்னக் குழந்தைகள் ஆயிரம் கேட்கும். அதையெல்லாம் கடிதத்தில் எழுதாதே.

பூமா உன்னை வேண்டாம் என்றால் அவளிடம் பேசிக்கொள். என்னை இழுக்காதே.

கோதா

---

வையம்பட்டி,
23.6.2025

டீச்சர் அவர்களுக்கு,

பாடத்தை மாற்றினீர்கள், சரி. மாற்றியதைப் பாடுகிறவளிடம் ஏன் சொல்லவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். பிறகு நேற்று காலை பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கிற மிருதங்கம் ஜேக்கப் அண்ணனைப் பார்க்க உறையூர் போனேன்.

முதலில், "எனக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். காபி கொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "உனக்கு நெசமாவே தெரியாதா? ரெண்டு வருஷமா வாரத்துல மூணு நாள் நீ கிளாஸ்ல பாடிக்கிட்டுத்தானே இருக்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் புரிய வைத்தார்.

அந்தச் சிவப்புப் போன். அதை உங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான். 2023 ஏப்ரல். எனக்கு ஏழாம் மாசம். சிங்காரத்தோப்பில் கடை கடையாக ஏறி இறங்கினோம். உங்கள் மகன் ஸ்ரீவத்ஸ் பெங்களூரிலிருந்து அனுப்பிய பெரிய போனைத் தொடவே பயம் என்றீர்கள். "இதை எடுங்க டீச்சர். பட்டன் போன். பின்பக்கம் முழுசும் ஸ்பீக்கர், பாட்டு மாத்தத் தனி பட்டன், மெமரி கார்டு போட்டுக்கலாம், பத்து நாள் சார்ஜ் நிக்கும்" என்று சொன்னேன். கடைக்காரர் பாட்டுப் போட்டதும் ஸ்பீக்கரைச் சுற்றி லைட் எரிந்தது. அதைப் பார்த்து நீங்கள் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம், "பிரசவத்துக்குப் போறே, நீ வர்ற வரைக்கும் குழந்தைகளுக்குப் பழக்கம் விட்டுப்போகாம இருக்கட்டும்" என்று சொல்லி என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் அதில் பதிந்தீர்கள். மூச்சு வாங்க வாங்கப் பாடினேன். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் நான் கூப்பிட்டபோது, "குழந்தைகள் யாரும் வரதில்லைம்மா, கிளாஸை நிறுத்தியாச்சு, ஜாஹ்னவி ஒருத்திக்குத்தான் சொல்லித் தரேன்" என்று சொன்னீர்கள். அதை நம்பித் திருவானைக்கோவிலில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். என் வீட்டுக்காரர் வீரமலை ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு இங்கே அவர் அப்பாவின் கடலைக் காட்டைப் பார்க்க வந்தார்.

இப்போது உங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் என்கிறார் ஜேக்கப் அண்ணன். போனைப் பித்தளைச் செம்புக்குள் இறக்கி வைத்தால் கூடம் முழுக்கக் கேட்குமாம். பாட்டு நின்றால் பிள்ளைகள், "டீச்சர், ரங்கா அக்காவுக்குச் சார்ஜ் இல்லை" என்று கத்துவார்களாம். சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீரமலை பிடுங்கிய கடலைச் செடியில் மண் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப உன் குரல் டெய்லி ஸ்ரீரங்கத்துல வேலைக்குப் போயிட்டு வருது. நீ இங்க உக்காந்து கடலை உரிக்கிற" என்றார்.

மூன்று முறை எப்படி வந்தது என்பதும் இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. பதிவு செய்த அன்று, நான் அந்த வரியை மூன்றாவது முறை முடித்தபோது போன், "ஸ்ரீவத்ஸ் காலிங், ஸ்ரீவத்ஸ் காலிங்" என்று பெயர் சொல்லிக் கத்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் உள்ளே போய்ப் பேசினீர்கள். கால் வந்ததும் பதிவு தானாக நின்றுபோயிருக்கும். நீங்கள் திரும்பி வந்து உட்காரும்போதே நான் நாலாவது முறையை எடுத்துவிட்டேன். நீங்கள் பட்டனை அமுக்கியபோது நான் ஜதிக்கு வந்திருந்தேன். ஆக கார்டில் இரண்டு துண்டு. ஒன்று மூன்றாவது முறையோடு முடிகிறது. அடுத்தது ஜதியில் தொடங்குகிறது. நாலாவது முறை எதிலும் இல்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள் அப்படியே கற்றிருக்கிறார்கள். கெஞ்சத் தெரியும். கோபம் வருகிற இடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

என் குரலை வைத்தே என்னை மேடையில் பொய்யாக்கினீர்கள். இதற்கு என்ன பதில்?

ரங்கநாயகி

---

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
28.6.2025

ரங்கநாயகிக்கு,

ஜேக்கப்புக்கு வாய் நீளம். இருக்கட்டும்.

ஆமாம், போனை வைத்துத்தான் வகுப்பு நடத்துகிறேன். ஊரில் யார் நடத்தவில்லை? உன்னிடம் கேட்டுத்தானே பதிந்தேன்? திருட்டுத்தனமாகவா பதிந்தேன்?

உன்னை ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்று தெரிய வேண்டுமா? சொல்கிறேன். அந்தப் போன் ஐந்து மணி வகுப்புக்கு ஐந்து மணிக்குப் பாடும். ஒன்றாம் நம்பர் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லாது. அதற்கு ஜலதோஷம் வராது. பன்னிரண்டு முறை அதே அடவைத் திரும்பப் போடச் சொன்னால் முகத்தைச் சுளிக்காது. ஸ்ருதி இறங்காது, காலம் ஓடாது. கைக்குழந்தை அழுகிறது என்று நடுவில் எழுந்து போகாது. நீ பிள்ளை பெற்று வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்கும். இல்லை என்று சொல், பார்ப்போம்.

என் வலது மணிக்கட்டு இரண்டு வருஷமாக வீங்கியிருக்கிறது. தாளத்துக்குத் தட்டுக்கழி பிடிக்க முடியாத நாட்களில் சைடில் இருக்கிற அந்தப் பட்டனை மட்டும் அமுக்கினால் போதும், வகுப்பு நடக்கும். மத்தியானம் தனியாக இருக்கும்போது ரேடியோ போட்டுக்கொள்வேன், ஒயர் கூட வேண்டாம். ஸ்ரீவத்ஸ் கூப்பிட்டால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். இந்த ஆத்தில் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு வருஷத்தில் ஒரு நாள் அது என்னைக் கைவிட்டதில்லை.

நேரில் வந்து பாடியவள்தான் கைவிட்டாள்.

கோதா

---

வையம்பட்டி,
2.7.2025

டீச்சர் அவர்களுக்கு,

போன் உங்களைக் கைவிடவில்லை. பிள்ளைகளிடமிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டது. அதற்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அந்த வர்ணத்துக்கு நாற்பது வருஷமாகத் தாளம் போட்ட கை உங்களுடையது. முதல் நாள் போட்டுக் கேட்டபோதே ஒரு முறை குறைகிறது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று நீங்கள் எழுதினால் இந்தச் சண்டையை நான் இதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் பெருமாள் பெயரில் சொல்லி எழுதுங்கள்.

தெரியும் என்றால், எனக்கு வேண்டியது ஒன்றுதான். முந்நூறு பேர் முன்னால் மைக்கில் என் பெயரைச் சொன்னீர்கள். அதே மாதிரி பிள்ளைகளின் பெற்றோர் முன்னால், பூமா டீச்சரையும் உட்காரவைத்து, பிசகியது நான் இல்லை என்று சொல்லுங்கள். அதுவரை அந்தப் போனில் நான் பாடக்கூடாது. அரிசி வாங்கக் காசில்லாமல் எழுதவில்லை. கடலை விளைந்திருக்கிறது. என் பெயர் எனக்கு வேண்டும்.

என் குழந்தை அழும் என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், அழும். உயிரோடு இருக்கிறது.

ரங்கநாயகி

---

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
15.7.2025

ரங்கநாயகிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். "தெரியாது" என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்துவிடும். பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டாயே. எழுத வரவில்லை.

தெரியும். நீ ஊருக்குப் போன முதல் வாரமே தெரியும். போட்டுக் கேட்டேன், மூன்றாவது முறை முடிந்ததும் ஜதி வந்து விழுந்தது. உன்னை ஒரு நாள் வரவழைத்து அந்த ஒரு வரியைப் பதிந்திருக்கலாம். வந்தால், எப்போது வேலைக்குத் திரும்ப வரட்டும் என்று கேட்பாய். வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. போனை மாற்ற முடியாது, குழந்தைகளை மாற்றலாம் என்று நினைத்தேன். நாலாவது முறைக்கான அபிநயத்தைச் சொல்லித் தராமலே விட்டுவிட்டேன். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் மூன்று முறையே பழகிவிட்டது. ஆறு மாதத்தில் எனக்கும் பழகிவிட்டது. நீ இதை நம்புவாயோ தெரியாது: தென்னூர் மேடையில் நீ நாலாவது முறை எடுத்தபோது, நீதான் பிசகுகிறாய் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். போன் எப்படிப் பாடுமோ அப்படி நீ பாடவில்லையே என்றுதான் அதட்டினேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் நினைவு வந்தது. அதன் பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். நினைவு வந்த பிறகு. அதையும் தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரையும் கூட்டினேன். லக்ஷ்மிகாந்த் வந்தார். பூமா வந்தாள், வாசல் பக்கமே உட்கார்ந்தாள். உன் நோட்டுப் பக்கத்துக்கு என்னிடம் நகல் உண்டு, அதைக் காட்டினேன். பிறகு செம்பில் போனை வைத்து இரண்டு துண்டையும் போட்டேன். இடையில் நிறுத்தி, காணாமல் போனதை நானே பாடிக் காட்டினேன். குரல் இல்லை, ஆனாலும் பாடினேன். "அன்னைக்குப் பிசகினது ரங்கநாயகி இல்லை, நான்" என்று சொன்னேன்.

லக்ஷ்மிகாந்த் எழுந்து, "ஒன்பது வருஷம் குழந்தையை உங்களை நம்பி விட்டேன், நீங்க ஒரு பட்டன் போனை நம்பி விட்டிருக்கேள்" என்றார். அத்தனை பேர் முன்னால். மைக் இல்லை, ஆனால் சத்தம் குறைவில்லை. அடுத்த நாளிலிருந்து நாலு குழந்தைகள் வரவில்லை. ஜாஹ்னவி வந்தாள். அவள் கேட்டது இதுதான்: "நாலாவது தடவை நான் என்ன செய்திருக்கணும், மாமி? ஏன் எனக்குச் சொல்லித் தரவே இல்லை?" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான்.

போனை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். கார்டு உள்ளேயே இருக்கிறது. விட்டுப்போன அந்த ஒரு வரியை மட்டும் நீ அதில் பாடி அனுப்பினால், பதினெட்டுக் குழந்தைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். கேட்கக்கூடாதுதான். கேட்கிறேன்.

கோதா

---

வையம்பட்டி,
18.7.2025, வெள்ளி

டீச்சர் அவர்களுக்கு,

பார்சல் வந்தது. ஐந்தாம் நம்பர் பட்டனில் எழுத்து அழிந்திருக்கிறது. ஸ்பீக்கர் ஓட்டைகளில் குங்குமம். பிள்ளைகள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆடத் தொடங்குவார்கள் போல.

போட்டுக் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய என் குரல். நடுநடுவே மூச்சு இரைக்கிறது. அந்த இரைப்பையும் இருபத்திரண்டு பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பாப்பா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை நிறுத்தச் சொல்லி அழுதாள்.

பூமா டீச்சர் நேற்று கூப்பிட்டார். நீங்கள் சொன்னதைச் சொன்னார். ஆடி மாத நிகழ்ச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டீர்கள். ஆனால் நினைவு வந்த பிறகும் அந்த முதல் கடிதத்தை எழுதினீர்களே, அதை நான் மறக்கமாட்டேன். மறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஜாஹ்னவிக்கு வந்திருக்கிற கோபத்தையும் ஆற்றிவிடப் பார்க்காதீர்கள், அந்த வரிக்கு அதுதான் வேண்டும்.

விட்டுப்போன வரியைப் பாடி அனுப்பச் சொன்னீர்கள். பாடமாட்டேன். இதில் பாடினால் மறுபடி இரண்டு வருஷம் நான் செம்புக்குள் இருப்பேன்.

கார்டை எடுத்துக்கொண்டேன். அது இனி என்னிடம் இருக்கும். போனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சார்ஜ் முழுசாகப் போட்டிருக்கிறது. மத்தியானம் ரேடியோ கேளுங்கள், ஸ்ரீவத்ஸ் கூப்பிட்டால் பேசுங்கள். அதற்குத்தான் அன்று அதை உங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

வருகிற புதன்கிழமை நான் அங்கே வருகிறேன். பாப்பாவும் வருவாள். அழுதால் பாட்டு நிற்கும். அன்று ஸ்ரீவத்ஸ் கால் வந்தபோது பதிவு நின்றதல்லவா, அப்படி. பஸ் கிடைக்காவிட்டால் ஐந்து மணி ஐந்தேகால் ஆகும், பிள்ளைகள் காத்திருக்கட்டும்.

நான் வருவதற்குள் வர்ணத்தைத் தொடங்குவதானால், நீங்களே பாடித் தொடங்குங்கள். மூன்றாவது முறை முடிந்ததும் ஜாஹ்னவியை முன்னால் நிறுத்துங்கள். ஜதிக்கு யாரும் போகக்கூடாது.

அடுத்ததை நான் வந்து பாடுகிறேன்.

ரங்கநாயகி